திருப்பூர் சாயக்கழிவு: பட்டறைக்காரர், விவசாயி, ஊர்க்காரர் கேட்கும் கேள்விகள்

நொய்யல் வெள்ளிங்கிரி மலையில் புறப்பட்டு, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரருகே காவிரியில் சேர்கிறது. அதன் கரையில்தான் இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் தயாராகிறது. சாயப்பட்டறை நடத்துபவர்கள், துணியைச் சாயத்துக்குக் கொடுக்கும் பனியன் கம்பெனிக்காரர்கள், ஆற்றங்கரைக் கிணற்றை நம்பியிருப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

ஆற்றில் இப்போது சாய நிறம் அதிகம் தெரிவதில்லை. அப்படியென்றால் கழிவு நின்றுவிட்டதா?

நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கண்ணுக்குத் தெரிவது சாயம். நிலத்தைக் கெடுத்தது உப்பு. சாயத்தை நுண்ணுயிரியால் ஓரளவு உடைக்கலாம், குளோரின் போட்டு வெளுக்கலாம், பிசினில் பிடிக்கலாம். சோடியம் சல்பேட்டையும் சாதா உப்பையும் காற்றோட்டமுள்ள சுத்திகரிப்புத் தொட்டியில் எந்த நுண்ணுயிரியும் தின்னாது, எந்த மருந்தும் அழிக்காது. தண்ணீரிலிருந்து பிரித்து எடுக்கலாம், அவ்வளவுதான். நிறம் நீக்கிய கழிவு குடிநீர் போலத் தெளிவாக இருந்துகொண்டே லிட்டருக்கு 7,000 மி.கி. உப்பைச் சுமந்து போகும்.

லிட்டருக்கு எத்தனை மி.கி. உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், அது ஒன்று போதும். ஆற்றில் மேல்புறமும் கீழ்புறமும் அளந்து பாருங்கள். 1,000 முதல் 1,500 வரை காட்டி, நாற்றமும் நுரையும் இருந்தால் பெரும்பாலும் அது வீட்டுச் சாக்கடை. நுரை வந்தாலே சாயப்பட்டறைதான் என்று சொல்வது தவறு, சோப்புத்தூள் கலந்த சாக்கடையும் நன்றாக நுரைக்கும். ஒரே இடத்தில் அளவு திடீரென்று 4,000, 5,000 என்று ஏறினால் சாக்கடை மட்டும் அதற்குக் காரணமாக இருக்க முடியாது.

ஒரு கிலோ துணிக்கு எவ்வளவு உப்பு போகிறது?

பருத்திக்குப் போடுவது ரியாக்டிவ் சாயம். தண்ணீரில் பருத்தி இழைக்கும் சாயத்துக்கும் ஒரே வகை மின்னூட்டம் இருப்பதால் இரண்டும் விலகிப் போகும். அந்த விலக்கத்தை அடக்கிச் சாயத்தை இழைக்குள் தள்ளுவதற்குத்தான் உப்பு. அதன் பிறகு சோடா ஆஷ் போட்டு, சுமார் 60 டிகிரி சூட்டில் பி.எச். அளவை 11 அருகே ஏற்றினால் சாயம் இழையோடு வேதிப் பிணைப்பில் நிற்கும். உப்பு துணியில் துளியும் தங்காது. போட்டதெல்லாம் அப்படியே வடிகாலுக்கு வரும்.

கணக்கு எளிது. ஒரு கிலோ துணிக்கு 6 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் சாஃப்ட் ஃப்ளோ மெஷினில், அடர் ஷேடுக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு போட்டால் கிலோவுக்கு 360 கிராம். அதோடு லிட்டருக்கு 20 கிராம் சோடா ஆஷ், அது 120 கிராம். ஆக, ஒரு டன் கறுப்போ நேவியோ போட்டு முடித்தால் ஏறக்குறைய அரை டன் உப்பு வடிகாலில். அதே ஷேடைப் பழைய விஞ்ச் மெஷினில், கிலோவுக்கு 10 லிட்டர் தண்ணீர் என்ற 1:10 விகிதத்தில் போட்டால் உப்பு மட்டுமே 600 கிலோ. இளம் ஷேடுக்கு லிட்டருக்கு 20 கிராம் போதும். அதனால் ஒரு பட்டறையின் கழிவு எவ்வளவு கனமானது என்பதை அன்றைய ஷேடு பட்டியலே சொல்லிவிடும்.

சாயமும் முழுதாக நிற்பதில்லை. போட்டதில் 60 முதல் 80 சதவீதம்தான் துணியில் பிடிக்கும். மிச்சம் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகி, சோப்புக் கழுவலில் வெளியேறும்.

2,100 என்ற அளவு எதற்கு?

ஆறு, வாய்க்கால் போன்ற உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மி.கி.யைத் தாண்டக் கூடாது என்பது தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பு. பி.ஓ.டி. (கழிவை நுண்ணுயிரி சிதைக்கத் தேவையான ஆக்ஸிஜன்) 30, சி.ஓ.டி. (வேதிப்பொருளால் சிதைக்கத் தேவையான ஆக்ஸிஜன்) 250, மிதக்கும் திடப்பொருள் 100 என்று மற்ற வரம்புகளும் உண்டு. மற்றவற்றைச் சாதாரணச் சுத்திகரிப்பால் எட்டிவிடலாம். 2,100-ஐ அப்படி எட்டவே முடியாது. திருப்பூரின் சட்டப் போராட்டம் முழுக்க இந்த ஒரு எண்ணைச் சுற்றியே நடந்தது.

2011-ல் எல்லாப் பட்டறையையும் ஏன் மூடினார்கள்?

திடீரென்று நடந்ததல்ல. சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் 1992-ல் நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காக அணை கட்டினார்கள். மேலே திருப்பூரில் அப்போது தொழில் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. அணையில் தேங்கியது சாயக்கழிவு. தங்களுக்காகக் கட்டிய அணையின் தண்ணீர் வேண்டாம் என்று ஆயக்கட்டு விவசாயிகளே சொல்ல வேண்டியதாயிற்று.

1996-ல் வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே சரிசெய்யும் செலவையும் இழப்பீட்டையும் ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நொய்யல் வழக்குகள் அந்த அடித்தளத்தில் நின்றன. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவை அறவே வெளியே விடாத நிலையை எட்டக் கெடு விதித்து, அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் பைசா கணக்கில் அபராதம் கட்டச் சொன்னது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்து மூன்று மாத அவகாசம் தந்தது. கெடுக்கள் போயின, கழிவு போய்க்கொண்டே இருந்தது. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடி மின் இணைப்பைத் துண்டிக்க உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. சாயம் போட இடமில்லாமல் பின்னல், தையல், அயர்ன், பேக்கிங் என்று வரிசையாக வேலை சுருங்கியது. துணி வெளியூர்களுக்குப் போய்வர வேண்டியதாகிக் கூலியும் லாரி வாடகையும் ஏறின.

ஒரு லிட்டர் கழிவுக்குச் சில பைசா அபராதம் சுத்திகரிப்புச் செலவைவிடக் குறைவாக இருந்ததுதான் இழுத்தடித்ததற்குப் பெரிய காரணம் என்பது எங்கள் கருத்து. அபராதம் மலிவானால் அதுவும் ஒரு மூலப்பொருள் செலவு போல ஆகிவிடும். மின்சாரத்தை நிறுத்தியபோதுதான் நிலைமை மாறியது.

பிறகு மாநில அரசு வட்டியில்லாக் கடன் தந்தது. உப்புக் கரைசலையே மீண்டும் சாயத்துக்குப் பயன்படுத்தும் முறை அருள்புரம் நிலையத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டு, பொது நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. இன்று 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும், தனியாக நிலையம் வைத்திருக்கும் பெரிய ஆலைகளும் இயங்குகின்றன.

‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ நிலையத்துக்குள் என்னதான் நடக்கிறது?

முதலில் சல்லடையில் பஞ்சும் நூலும் நிற்கும். அடுத்து ஒரு நாள் கழிவு கொள்ளும் சமன் தொட்டி. காலையில் சலவைத் தண்ணீர், மதியம் கறுப்புச் சாயம், இரவில் சோப்புக் கழுவல் என்று மாறி மாறி வருவதை இங்கே ஒன்றாக்கி, அமிலம் விட்டு பி.எச். அளவை 7 முதல் 8-க்குள் கொண்டு வருவார்கள்.

அடுத்தது உயிரியல் தொட்டி. அந்தக் காலத்தில் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் கொட்டி நிறத்தைப் படியவைத்தார்கள். அதனால் மலையாகச் சேறு வந்தது. சுண்ணாம்பிலிருந்து வந்த கால்சியம் பின்னால் ஆர்.ஓ. சவ்வில் (அழுத்தம் கொடுத்துத் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் சவ்வு) கல்லாகப் படிந்தது. உயிரியல் முறையில் சேறு மிகக் குறைவு. ஆனால் அது உயிருள்ள தொட்டி: கரைந்த ஆக்ஸிஜன் 2 மி.கி. அளவில் இருக்க வேண்டும். சாயக்கழிவில் தழைச்சத்தும் மணிச்சத்தும் கிடையாது என்பதால் பி.ஓ.டி. 100 பங்குக்குத் தழை 5, மணி 1 என்ற கணக்கில் யூரியாவும் டி.ஏ.பி.யும் போட வேண்டும். சலவையில் மிஞ்சிய வெளுப்பு மருந்தான பெராக்சைடோ ஹைப்போவோ (ஹைப்போகுளோரைட்) மொத்தமாக வந்து விழுந்தால் நுண்ணுயிரிகள் செத்து, தெளிதொட்டியில் சேறு மேலே மிதக்கும். மறுபடி பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். பட்டறையிலேயே பெராக்சைடைக் கொன்றுவிட்டு அனுப்புங்கள் என்று நிலையத்தார் கெஞ்சுவது இதனால்தான்.

பிறகு மணல் வடிகட்டி, மிச்ச நிறத்துக்குப் பிசின், கடினத்தன்மைக்கு சாஃப்ட்னர், அல்ட்ரா ஃபில்டர். இவ்வளவும் ஆர்.ஓ. சவ்வைக் காப்பாற்றத்தான். ஆர்.ஓ.வுக்குள் போகும் நீரின் அடைப்புக் குறியீடான எஸ்.டி.ஐ. 3-க்குக் கீழே இருப்பது நல்லது, 5-ஐத் தாண்டவே கூடாது. குளோரின் துளி மிஞ்சினாலும் பாலிஅமைடு சவ்வு அரிக்கும், அதற்கு முன்னால் சோடியம் பைசல்ஃபைட் விடுவார்கள். சவ்வு அடைபட்டால் அழுத்தம் ஏறி, நீர் குறையும். சவ்வு அரிபட்டால் நீர் கூடும், ஆனால் உப்பும் கூடவே வரும். இந்த இரண்டு அறிகுறியையும் குழப்பிக்கொண்டு, அரிபட்ட சவ்வுக்கு அமிலக் கழுவல் கொடுப்பது அடிக்கடி நடக்கும் வீண் வேலை.

மூன்று நான்கு கட்ட ஆர்.ஓ. முடிந்ததும் 85 முதல் 90 சதவீதம் நல்ல தண்ணீர் கிடைக்கும். அது பட்டறைக்கே திரும்பும். போர் தண்ணீரைவிட மென்மையானது, ஷேடு நன்றாக வரும். மிச்சம் 10 முதல் 15 சதவீதம் ரிஜெக்ட். அதில்தான் உப்பு முழுவதும் இருக்கிறது.

ரிஜெக்ட்டை ஏன் இன்னும் ஆர்.ஓ.விலேயே பிழிய முடியாது? எவாப்பரேட்டர் கரண்ட் பில் தாங்கவில்லையே?

உப்பு கூடக் கூட அதை எதிர்த்துத் தள்ள வேண்டிய அழுத்தமும் கூடும். சாதா உப்பாக இருந்தால் லிட்டருக்கு ஒவ்வொரு 1,000 மி.கி.க்கும் சுமார் 0.75 பார். 70,000 மி.கி.யில் 50 பாருக்கு மேல் ஊடுபரவல் அழுத்தத்துக்கே போய்விடும். சல்பேட்டுக்கு இது குறைவு, ஆனாலும் ஓரிடத்தில் சவ்வின் தாங்குதிறன் முடிந்துவிடும்.

அதற்கு மேல் ஆவியாக்கல்தான் வழி. ஒரு கன மீட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 627 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் வேண்டும். நாலு கட்ட எவாப்பரேட்டரில் ஒரு கிலோ நீராவி மூன்றரை கிலோ வரை தண்ணீரை ஆவியாக்கும். ஆவியையே அமுக்கிச் சூடேற்றி மறுபடி பயன்படுத்தும் எம்.வி.ஆர். முறையில் 20 முதல் 30 யூனிட்டில் முடியும். ஆனாலும் ஆர்.ஓ.வுக்கு ஆகும் மின்சாரத்தைப்போல அது பல மடங்கு.

ஆகவே செலவைக் குறைக்க எவாப்பரேட்டரைப் பார்க்காதீர்கள், அதற்கு முன்னால் பாருங்கள். நாளொன்றுக்கு 10 லட்சம் லிட்டர் நிலையத்தில் ஆர்.ஓ. மீட்பு 85 சதவீதமானால் 150 கன மீட்டர் ஆவியாக்க வேண்டும். 92 சதவீதமானால் 80 கன மீட்டர் போதும். ஏழு சதவீத வித்தியாசம் எவாப்பரேட்டர் செலவில் ஏறக்குறைய பாதியைக் குறைக்கிறது.

மீட்ட உப்புக் கரைசலில் சாயம் போட்டால் ஷேடு திட்டுத்திட்டாக வருகிறதே?

மூன்று காரணங்களில் ஒன்றுதான் இருக்கும். முதலாவது, கரைசலில் பைகார்பனேட் மிஞ்சியிருப்பது. நீங்கள் சோடா போடுவதற்கு முன்பே பி.எச். ஏறியிருந்தால் சாயம் பரவும் முன் பிடித்துக்கொள்ளும், அதுதான் திட்டு. சாயம் விடும் நேரத்தில் கரைசல் 6.5 முதல் 7-க்குள் இருக்க வேண்டும். அதற்கு அமிலம் விடும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தவிர்த்து கந்தக அமிலம் விடுங்கள். சல்பேட் உப்பு பயன்படுத்தும் நிலையத்தில் குளோரைடைச் சேர்த்துக்கொண்டே போனால் பிறகு உப்பைப் பிரிப்பது கஷ்டம்.

இரண்டாவது, கடினத்தன்மை. கால்சியம் சாயத்தைக் கட்டியாக்கிப் புள்ளி விழவைக்கும். மூன்றாவது, நிற மிச்சம். அடர் ஷேடில் தெரியாது, இளம் ரோஸிலும் வெள்ளை கலந்த ஷேடிலும் காட்டிக்கொடுத்துவிடும். மீட்ட கரைசலை அடர், நடுத்தர ஷேடுக்கு ஒதுக்கி, இளம் ஷேடுக்குப் புது உப்பு போடுவது நடைமுறைக்கு ஒத்த வழி. ஒவ்வொரு டேங்கர் கரைசலுக்கும் அடர்த்தி, பி.எச்., கடினத்தன்மை மூன்றையும் அளந்து, உப்பு அளவைத் திருத்தாமல் ரெசிபியை ஓட்டாதீர்கள்.

எல்லாம் மீட்ட பிறகும் மூட்டை மூட்டையாக நிற்கிறதே, அது என்ன?

மிக்ஸ்டு சால்ட். சோடியம் சல்பேட்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: 32 டிகிரிக்குக் கீழே குளிர்விக்கக் குளிர்விக்க அதன் கரைதிறன் சரசரவென்று விழும். சில்லரில் குளிர்வித்தால் கிளாபர் உப்பு படிகமாக உதிரும், எடுத்து மறுபடி பயன்படுத்தலாம். சாதா உப்பு அப்படி உதிராது. போர் தண்ணீரிலிருந்தும் அமிலத்திலிருந்தும் வந்த குளோரைடு, மிச்ச சல்பேட், கார்பனேட், சாயத்தின் அங்ககப் பொருள் எல்லாம் கலந்து கடைசியில் நிற்பதுதான் இது. ஈரக் காற்றில் கசியும், மழை பட்டால் கரைந்து நேராக நிலத்துக்குள் போகும். இத்தனை செலவு செய்து வெளியே எடுத்த உப்பு ஒரு கிழிந்த தார்ப்பாயால் திரும்ப ஆற்றுக்குப் போவது நடக்கக்கூடியதே. கூரையும் உயர்த்திய சிமென்ட் தளமும் கசிவு வாய்க்காலும் உள்ள கொட்டகை இல்லாமல் இதை வைக்கவே கூடாது.

உயிரியல், வேதிச் சேறு வேறு. அதற்கு 2016-ம் ஆண்டு அபாயக் கழிவு விதிகள் பொருந்தும். 90 நாளுக்கு மேல் வளாகத்தில் தேக்கக் கூடாது, அனுப்பும்போது மேனிஃபெஸ்ட் ஆவணம் வேண்டும். எரிதிறன் உள்ள சேற்றைச் சிமென்ட் ஆலைச் சூளைகள் எடுத்துக்கொள்கின்றன. மிக்ஸ்டு சால்ட்டில் குளோரைடு இருப்பதால் சிமென்ட் ஆலைக்கு அது வேண்டாத சரக்கு.

உப்பே போடாமல் சாயம் போட முடியாதா?

முடியும். கோல்டு பேட் பேட்ச் முறையில் துணியைச் சாயமும் காரமும் கலந்த கரைசலில் நனைத்துப் பிழிந்து, உருளையில் சுற்றிப் பிளாஸ்டிக் போர்த்தி, சாதா வெப்பத்தில் 12 முதல் 24 மணி நேரம் சுழலவிட்டு அலசுவார்கள். உப்பு தேவையில்லை, தண்ணீரும் குறைவு. நெய்த துணிக்கு அருமை. பின்னல் துணி இழுபடும், ஓரம் சுருளும் என்பதால் அதற்கேற்ற மெஷின் வேண்டும். சின்னச் சின்ன லாட்டுக்கு லாபமில்லை. குறைந்த உப்பில் பிடிக்கும் இருவினை ரியாக்டிவ் சாயங்கள் உடனே மாறக்கூடிய வழி. மெஷின் மாற்றாமலே உப்பைப் பாதியாக்கலாம். பாலியெஸ்டருக்குப் போடும் டிஸ்பர்ஸ் சாயத்துக்கு உப்பே வேண்டாம்.

இதைவிட எளிதாக ஒன்று உண்டு: முதல் தடவையிலேயே ஷேடைச் சரியாகக் கொண்டுவருவது. ரீ-டை போகும் ஒவ்வொரு லாட்டும் உப்பு, தண்ணீர், நீராவி மூன்றையும் இரட்டிப்பாக்கும்.

எங்கள் கிணற்றில் 1,800 காட்டுகிறது. குடிக்கலாமா?

இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் 500 மி.கி. வரை விரும்பத்தக்கது. வேறு நீர் இல்லாதபோது 2,000 வரை அனுமதி. ஆகவே 1,800 என்ற எண் மட்டும் தடை சொல்லாது. எது கரைந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. சல்பேட் 400-க்குள், குளோரைடு 1,000-க்குள், நைட்ரேட் 45-க்குள் இருக்கிறதா என்று குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பார்த்துவிடுங்கள். குரோமியம் போன்ற உலோகங்களுக்குத் தனியாகச் சோதனை கேட்க வேண்டும். சல்பேட் மிகுந்தால் வயிற்றுப்போக்கு வரும், புதிதாகக் குடிப்பவர்களுக்கும் குழந்தைகளுக்கும் சீக்கிரம் தெரியும். ரத்த அழுத்தம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் சோடியம் அளவை மருத்துவரிடம் காட்டுவது நல்லது. நைட்ரேட் கூடிய நீரில் கைக்குழந்தைக்குப் பால் கலக்கவே கூடாது.

கொதிக்க வைத்தால் உப்பு போகாது, தண்ணீர் சுண்டிச் செறிவு இன்னும் கூடும்.

இந்தப் பகுதியில் புற்றுநோய்க்குச் சாயக்கழிவுதான் காரணமா?

ஒரு ஊரில் நாலு பேருக்கு நோய் வந்தது என்பதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. உறுதியாகத் தெரிந்தது இது: பென்சிடின் போன்ற நறுமண அமீன்கள் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் உண்டாக்கும். அவற்றை வெளிவிடக்கூடிய அசோ சாயங்களை இந்தியா 1997-ல் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் துணியில் அந்த அமீன்கள் கிலோவுக்கு 30 மி.கி.க்கு மேல் இருந்தால் விற்கவிடாது. ஆபத்து முதலில் யாருக்கு என்றால் சாயத்தைக் கையாளும் தொழிலாளிக்குத்தான். பில்லும் பெயரும் இல்லாத மலிவுச் சாயத்தை வாங்காமல் இருப்பது அதனால்தான் முக்கியம்.

பட்டறைத் தொழிலாளிக்கு அன்றாட ஆபத்து எங்கே?

சாயம் நிறுக்கும் அறையில். ரியாக்டிவ் சாயத்தூளை மூச்சில் இழுத்துக்கொண்டே இருந்தால் சிலருக்கு ஒவ்வாமை ஏற்பட்டு ஆஸ்துமாவாக மாறும். ஒருமுறை அப்படி ஆனவருக்குப் பிறகு துளித் தூள் பட்டாலும் இழுப்பு வரும், அவரை அந்த அறையிலிருந்தே மாற்ற வேண்டும். துணி முகமூடி பயனில்லை, என்95 தரம் வேண்டும். நிறுக்கும் மேசைக்கு உறிஞ்சு காற்றோட்டம் வேண்டும். சிந்தியதைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஹைட்ரோஸ் (சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்) டிரம்மில் ஈரம் பட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும், கந்தக டை ஆக்சைடும் வரும். ஹைப்போ கேனையும் அமிலக் கேனையும் பக்கத்தில் வைக்காதீர்கள், கலந்தால் குளோரின்.

சேற்றுத் தொட்டியில் இறங்கி மயங்கி விழுகிறார்களே, என்ன வாயு அது?

ஹைட்ரஜன் சல்ஃபைடு. சாயக்கழிவில் சல்பேட் ஏராளம். காற்றோட்டம் நின்ற தொட்டியில் ஆக்ஸிஜன் தீர்ந்ததும் சில நுண்ணுயிரிகள் சல்பேட்டை எடுத்துக்கொண்டு இந்த வாயுவை விடும். மேலே தண்ணீர் அமைதியாக இருக்கும். சேற்றைக் கிளறியதும் வாயு மொத்தமாகக் கிளம்பும்.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தெரிந்துவிடும் என்று நம்பக் கூடாது. ஏறக்குறைய 100 பி.பி.எம். அளவில் மூக்கு மரத்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று தோன்றும். 1,000-ஐ நெருங்கினால் ஓரிரு மூச்சில் விழுந்துவிடுவார். விழுந்தவரைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும்தான் பெரும்பாலும் சாகிறார்கள்.

கூடுமானவரை ஆளை இறக்காமல் பம்ப் வைத்து எடுங்கள். இறங்கியே தீர வேண்டுமென்றால்: வரும் கழிவை அடைத்து, மூடிகளைத் திறந்து, ஊதுகாற்று விட்டு, மீட்டரைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி மூன்று ஆழத்திலும் அளக்க வேண்டும். ஆக்ஸிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பி.பி.எம்.-ஐத் தாண்டக் கூடாது. உடல் பட்டை, மேலே முக்காலியும் கப்பியும், கயிற்றைப் பிடித்தபடி இடத்தை விட்டு நகராத ஓர் ஆள். உள்ளே வேலை நடக்கும்வரை மீட்டர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முகமூடியில் வடிகட்டி மாட்டினால் ஆக்ஸிஜன் வராது, வெளியிலிருந்து காற்று வரும் குழாய்க் கருவிதான் வேண்டும்.

உப்புத் தண்ணீரில் என்ன பயிர் வைக்கலாம்?

முதலில் பம்பை 15 நிமிடம் ஓடவிட்டு, அலசிய பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து ஆய்வகத்துக்குக் கொடுங்கள். மின்கடத்துதிறன், பி.எச்., சோடியம், கால்சியம், மெக்னீசியம், பைகார்பனேட், குளோரைடு எல்லாம் வேண்டும். மின்கடத்துதிறனை டெசிசீமன்ஸ் என்ற அலகில் சொல்வார்கள்; ஒரு டெசிசீமன்ஸ் என்பது லிட்டருக்குத் தோராயமாக 640 மி.கி. உப்பு.

வேர்மண்ணின் உப்பு எவ்வளவு ஏறும்வரை மகசூல் குறையாது என்பது பயிருக்குப் பயிர் மாறும். வெங்காயம் 1.2, மக்காச்சோளம் 1.7, கரும்பு 1.7, தக்காளி 2.5, நெல் 3, நிலக்கடலை 3.2, சோளம் 6.8, பருத்தி 7.7 டெசிசீமன்ஸ். இதில் வெங்காயம் முதலில் காயும், பருத்தி கடைசிவரை நிற்கும்.

உப்பு வேரடியில் தேங்காமல் இருக்கக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். நீரின் கடத்துதிறனை, பயிர் தாங்கும் அளவின் ஐந்து மடங்கிலிருந்து நீரின் அளவைக் கழித்து வருவதால் வகுத்தால் கூடுதல் பங்கு கிடைக்கும். நீர் 2 டெசிசீமன்ஸ் என்றால் மக்காச்சோளத்துக்கு 31 சதவீதம், பருத்திக்கு ஐந்தரை சதவீதம். வடிகால் இல்லாத களிமண் தோட்டத்தில் இந்தக் கணக்கு உதவாது, கழுவிய உப்பு மறுபடி மேலே ஏறும்.

மண் மழைக்கு வழுக்கி, வெயிலுக்குப் பாளம் பாளமாக இறுகுகிறது. இதற்கும் உப்புதானே காரணம்?

சோடியம். சோடியம் எண்ணை, கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்ததில் பாதியின் வர்க்கமூலத்தால் வகுங்கள், மூன்றும் லிட்டருக்கு மில்லி சமானத்தில் இருக்கட்டும். சோடியம் 30, கால்சியம் 6, மெக்னீசியம் 4 என்றால் விடை சுமார் 13.4. பத்தைத் தாண்டினாலே களிமண்ணில் துகள்கள் பிரிந்து துளைகள் அடைபடத் தொடங்கும்.

சோடியத்தை இறக்கிவிட்டு அந்த இடத்தில் கால்சியம் உட்கார வேண்டும், அதற்கு ஜிப்சம். மண் ஆய்வில் 100 கிராம் மண்ணுக்கு ஒரு மில்லி சமானம் சோடியத்தை அகற்ற, மேல் 15 செ.மீ. மண்ணுக்கு ஏக்கருக்குச் சுமார் முக்கால் டன் ஜிப்சம் ஆகும். மூன்று மில்லி சமானம் என்றால் இரண்டேகால் டன். மேல்மண்ணில் கலந்து, வரப்பு கட்டி, நல்ல தண்ணீர் தேக்கி, வடியவிட வேண்டும். மழைக்காலத்துக்குச் சற்று முன் போடுவது லாபம். ஜிப்சம் போட்டுவிட்டு அதே உப்புக் கிணற்றிலிருந்து பாய்ச்சினால் செலவுதான் மிஞ்சும். சோடியம் மிகாமல் வெறும் உப்பு மட்டும் கூடிய மண்ணுக்கு ஜிப்சம் தேவையே இல்லை, கழுவினால் போதும். அதனால்தான் ஆய்வு முதலில்.

வெளிநாட்டு பையர் சான்றிதழ் கேட்கிறார். எங்கள் துணி போகும் சாய ஆலை நேர்மையானதா என்று எப்படி அறிவது?

சான்றிதழைப் பாருங்கள், ஆனால் மூன்று கணக்கையும் கேளுங்கள். நாளுக்கு 10 டன் துணி, கிலோவுக்கு 50 லிட்டர் என்றால் 500 கன மீட்டர் கழிவு வர வேண்டும். டிரையரில் துணியோடு போகும் ஈரம் அதிகபட்சம் 10 கன மீட்டர். பொது நிலையத்தின் மீட்டர் 300 காட்டினால் மிச்சம் எங்கே? அடுத்து உப்பு பில். மீட்ட உப்பைப் பயன்படுத்தும் ஆலை தேவை முழுவதற்கும் புது உப்பு வாங்கிக்கொண்டிருந்தால் மீட்டது எங்கே போகிறது? மூன்றாவது, எவாப்பரேட்டரின் தனி மின் மீட்டர். மூன்றும் ஒத்துப்போனால் நம்பலாம். கிலோவுக்குச் சில ரூபாய் குறைத்துச் சொல்லும் பெயர்ப்பலகை இல்லாத பட்டறை அந்த ரூபாயை ஆற்றின் கணக்கில் எழுதுகிறது. அது பிடிபட்டு மின்சாரம் துண்டிக்கப்படும் நாளில் உங்கள் துணி உள்ளே மாட்டிக்கொள்ளும், ஷிப்மென்ட் தேதி போகும்.

பேசாமல் குழாய் போட்டுக் கடலுக்கு அனுப்பினால் என்ன?

கடல்நீரே லிட்டருக்கு 35,000 மி.கி. உப்பு என்பதால் உப்பு அங்கே பிரச்சினை இல்லை என்பது சரிதான். மின்சாரமும் மிஞ்சும். ஆனால் நிறம், அங்ககப் பொருள், உலோகம் எல்லாம் சுத்திகரித்த பிறகே அனுப்ப வேண்டும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குழாயில் ஒரு கசிவு வந்தால் நடுவழி விவசாயி பாதிக்கப்படுவார். இன்னொன்று, தண்ணீரும் போய்விடும். 2005 முதல் பவானி அருகே காவிரியிலிருந்து குழாய் வழியே தண்ணீர் வாங்கும் ஊருக்கு, பத்தில் ஒன்பது பங்கு நீரைத் திருப்பித் தரும் முறையை விடுவது புத்திசாலித்தனமா என்பது எங்கள் சந்தேகம்.

இரவில் திருட்டுத்தனமாகத் திறந்துவிடுகிறார்கள். என்ன செய்வது?

ஓடும்போதே மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் ஆட்சியர் கட்டுப்பாட்டு அறைக்கும் தகவல் சொல்லுங்கள். நீங்கள் பிடித்து வைத்த பாட்டில் துப்பாக உதவும். வழக்கில் நிற்பது 1974-ம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி அதிகாரி நேரில் எடுத்து முத்திரையிட்ட மாதிரிதான். ஆகவே அவர் வந்து எடுக்கும்படி செய்வதே குறி. நேரமும் இடக்குறியும் தெரியும் படம், வெளியேறும் இடத்துக்கு மேலும் கீழும் எடுத்த டி.டி.எஸ். அளவுகள், மழை பெய்ததா என்ற குறிப்பு ஆகியவற்றோடு எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அதே சட்டத்தின் 33-ஏ பிரிவில் மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்த வாரியத்துக்கு அதிகாரம் உண்டு, புகாரில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

நடவடிக்கை இல்லையென்றால் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம். வழக்குக் காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். இழப்பீடு கேட்பதற்கு ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. இழப்பீட்டு மனுவுக்குக் கழிவு வருவதற்கு முந்தைய கிணற்று நீர் ஆய்வு அறிக்கை கையில் இருந்தால் வாதம் பலப்படும். ஆண்டுக்கு இருமுறை, கோடையிலும் மழை முடிந்ததும், ஒரே ஆய்வகத்தில் சோதித்து அறிக்கைகளைத் தேதிவாரியாகக் கோப்பில் சேர்த்து வையுங்கள்.